தொட்டில் கட்டிய குழாய்

பிளாரன்ஸுக்கு அந்த வீட்டில் எல்லாமே பயம்தான். வீடு என்று ஞானையா மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தான். தெருவில் யாரைக் கேட்டாலும் பழைய ஐஸ் பேக்டரி என்றுதான் கை காட்டுவார்கள்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த சமயம். எங்கெங்கிருந்தோ வேலைக்கு ஆள் வந்து இறங்கி, ஊரில் ஒண்டிக்கொள்ள ஒரு மாட்டுக்கொட்டகைகூட மிச்சமில்லை. ஞானையா அங்கே கிரேன் ஓட்டினான். பேக்டரி மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. "கெடந்து இடியுறதுக்கு நீதான் இருந்துட்டுப் போயேன்" என்று அதன் முதலாளி ஒரு வார்த்தை சொன்னார். உடனே சாத்தான்குளத்துக்குப் போய்ப் பெண்டாட்டியையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

லீவு நாளெல்லாம் அவனுக்கு அதே வேலை. ஐஸ் உறைய வைத்த தொட்டிக் குழியை மணல் போட்டு மூடி, மேலே சிமெண்டு பூசினான். தகரக் கூரையின் ஓட்டைகளை அடைத்தான். புகை போட்டு வௌவால்களை விரட்டினான்.

ஐஸ் கட்டிகளை அடுக்கி வைக்கிற அறைதான் படுக்கையறை ஆனது. மழை ஒழுகாத இடம் அது ஒன்றுதான். ஜன்னல் கிடையாது. சுவர் ஒரு முழக் கனம், கதவு ஒரு சாண் கனம். அந்தக் கதவு திறந்துவிட்டால் நிற்காது. தன்பாட்டுக்குச் சாய்ந்து வந்து மூடிக்கொள்ளும், கொண்டியும் தானே விழுந்துவிடும். கொண்டி இருந்ததோ வெளிப்பக்கம். பிளாரன்ஸ் அம்மிக்குழவியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பாள்.

"அந்தக் கொண்டிய மொதல்ல கழத்திப் போடுங்களேன்."

"ஞாயித்துக்கெழம கழத்திருதேன். ஜன்னலும் அன்னைக்கே ஒடச்சிருதேன். சும்மா பறக்காதளா."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

அறையில் தலைக்கு மேலே சுவருக்குச் சுவர் இரும்புக் குழாய்கள் ஓடின. அதில் தாழ்வாக இருந்த ஒன்றில் ஞானையா சேலைத் தொட்டில் கட்டியிருந்தான். "ஒம் புள்ளையோட ஒரு கப்பலையும் சேத்துத் தொங்கவிட்டாலும் தாங்கும்" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டான்.

அக்கம்பக்கத்தில் வீடு என்று இருந்தது மீன் விற்கிற அந்தோணியம்மாள் வீடு மட்டும்தான்.

"அந்த ரூமுலயாளா படுக்கிய?" என்று முதல் நாளே கேட்டாள் அவள். "ஒரு கூலிக்காரன் அங்கன இருமி இருமியே செத்தாம்னு சொல்லுவாவ."

"நாங்க வேதக்காரவ அக்கா. எங்களுக்குப் பேய் கெடையாது."

"நானும் வேதந்தாம்ளா. பேயி என்ன, சர்டிபிகேட்டு பாத்துட்டா புடிக்கும்?"

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பிளாரன்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த அறையில் ஒரு வாடை இருந்தது. எப்போதும் இருக்காது. திடீரென்று வந்து மூக்குத் தண்டில் ஏறும். கண்ணைக் கரிக்கும். கொஞ்ச நேரத்தில் போய்விடும். வௌவால் மூத்திரம் என்றான் ஞானையா. வௌவால் போய் ஒரு மாசம் ஆன பிறகும் அதையே சொன்னான். பிள்ளை இரும ஆரம்பித்தபோது கடல் காத்து என்றான். பிளாரன்ஸ் அந்தக் கூலிக்காரனை நினைத்துக்கொண்டாள். தொட்டிலுக்கு அடியில் பைபிளை வைத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் பிள்ளை தூங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். அவள் தொட்டிலை வேகமாக ஆட்டினாள். வாடை வந்தது. பயந்துபோய் ஆட்டுவதை நிறுத்தினாள். வாடை மெல்ல அடங்கியது. பிள்ளை வீறிட்டான். மறுபடி ஆட்டினாள். மறுபடி வந்தது. இந்தத் தடவை மேலே, குழாயும் குழாயும் சேருகிற முடிச்சில், பூனை சீறுவதுபோல ஒரு சத்தமும் கேட்டது.

தொட்டிலைச் சட்டென்று பிடித்து நிறுத்தினாள். பேய் என்றால் ஜெபம் பண்ணலாம். இது அவள் கையாலேயே, அவள் ஆட்ட ஆட்ட, பிள்ளையின் முகத்துக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள், ஞானையா ஷிப்டு முடிந்து வரும்வரை உள்ளே போகவில்லை.

"குழாய்க்குள்ள என்னமோ இருக்குங்க. ஆட்டுனா வருது."

"காலிக் குழாயிளா அது. மெஷினே போயிட்டு, குழாய்ல என்னத்த இருக்கும்?"

"எனக்காகத் தொட்டில அவுத்திருங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

"அவுக்கேன். அதுக்கு முன்ன நீ பயந்தாங்கொள்ளின்னு காட்டுதேன், பாத்துக்கோ."

அவன் சிரித்தபடி உள்ளே போனான். ஒரு குதி குதித்து, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துத் தொங்கினான். முழு ஆளும் ஊஞ்சல்போல ஆடினான்.

குழாய் முடிச்சு விட்டுக்கொண்டது. வெள்ளையாகப் புகை பீறிட்டது. "ஐயோ கண்ணு" என்ற சத்தம்தான் பிளாரன்ஸுக்குக் கேட்டது. கண் தெரியாமல் வாசலைப் பார்த்து ஓடிவந்தவன் அம்மிக்குழவியில் இடறி உள்பக்கமே விழுந்தான். குழவி உருண்டது. கதவு சாய்ந்து வந்து மூடியது. கொண்டி விழுந்தது.

"ஏளா! தொறளா!"

கொண்டியைத் தூக்க ஒரு கை போதும். தூக்கினால் அந்தப் புகை முதலில் இடுப்பிலிருக்கிற பிள்ளையின் முகத்தில்தான் அடிக்கும். கீழே இறக்கி விடலாம் என்றாலும் அதே காற்றுதான். அவள் கை கொண்டிவரைக்கும் போனது. பிறகு திரும்பி ஓடினாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு தம் தம் என்று இடிபட்டது. மணலில் கால் புதைந்தது. "அக்கா! புள்ளையப் புடிங்க!" என்று அந்தோணியம்மாளின் கையில் பிள்ளையைத் திணித்தாள். அங்கே கிடந்த மீன் கழுவுகிற தண்ணீரில் முந்தானையை முக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள்.

இப்போது சத்தம் நின்றிருந்தது.

கொண்டியைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கதவோடு சாய்ந்திருந்த ஞானையா அவள் காலடியில் சரிந்து விழுந்தான். கக்கத்தில் கை கொடுத்து வெளியே முற்றத்துக்கு இழுத்துப்போட்டு, குடம் குடமாக முகத்தில் தண்ணீர் ஊற்றினாள். இருமல் வந்தது. இருமி இருமி அவன் சுருண்டபோது, அந்த இருமலைக் கேட்டு அவளும் ஓவென்று அழுதாள்.

மூடின காலத்தில் வெளியேற்றாமல் விட்ட அமோனியா கேஸ், இரண்டு பக்கமும் அடைபட்டு அந்தக் குழாயிலேயே கிடந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கண்ணுக்கு மருந்து ஊற்றி, இன்னும் கொஞ்சம் உள்ளே கிடந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டான் என்றும் சொன்னார்கள்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்து அந்தோணியம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். பிள்ளை மடியில் தூங்கினான்.

ஞானையாவுக்குக் குரல் கம்மிப் போயிருந்தது. "நான் இடிச்சது ஒனக்குக் கேட்டுதா?"

"கேட்டுது."

"கேட்டுட்டா ஓடுன?"

அவள் பிள்ளையைப் பார்த்தாள். "இவன் இடுப்புல இருந்தான்லா."

அவன் முகத்தைப் பேக்டரிப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளில் எதற்கும் பயப்படாத அளவுக்கு அந்தத் திரும்பிய முகத்துக்குப் பயந்தாள்.

"அங்கன இருந்தது எல்லாம் வெளிய போயிட்டு," என்றான் கடைசியில். "இனி ஒண்ணும் செய்யாது. வா, போவோம்."

"அது ஒரு குழாய்தான. மிச்சக் குழாய்ல என்ன கெடக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அவன் எழுந்து தனியாகப் பேக்டரிவரைக்கும் நடந்தான். கதவு நிலையில் கை வைத்து, தலையை நீட்டி மேலே பார்த்தான். ஒரு காலை உள்ளே வைத்தான். எடுத்துவிட்டான். ரொம்ப நேரம் அங்கேயே நின்றான்.

திரும்பி வந்து அவள் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தான்.

"ஏளா, புள்ளைய நல்லா போத்து," என்றான். "அங்கன போவாண்டாம்."