ஐந்தாவது ஸ்தோத்திரம்

பெர்னார்டின் காலை ஜெபத்தில் ஐந்தாவதாக வருவது கீழ் வீட்டுக் கிங்ஸ்லி.

முதலில் தூக்கம். அடுத்து உடம்பு. மூன்றாவது, பெங்களூரில் வேலையில் இருக்கும் மகன் ஜோ. நான்காவது மருமகள் ஜேன். அதற்குப் பிறகு கிங்ஸ்லி. இந்த வரிசை மாறியதே இல்லை.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் சபையில் உபவாசக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். மனதுக்குள் சொல்லும் நன்றி அங்கேயே கிடந்து மக்கிப்போகும். தினமும் விடிந்ததும் வாயைத் திறந்து, பேர் சொல்லி, கர்த்தருக்கு நன்றி செலுத்துங்கள். கேட்டவர்கள் ஒரு வாரம் செய்தார்கள். பெர்னார்ட் விடவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்தவர். கடைசி பெஞ்சுக்குக் கேட்காத குரலில் பேச அவருக்கு வராது.

பன்னிமண்டபத்தில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் அவருடைய சொந்த வீடு. மேலே அவரும் மனைவி ரெபேக்காவும். கீழே கிங்ஸ்லியும், பேச்சில் கன்னடம் கலக்கும் அவன் மனைவி கேரலும் வாடகைக்கு இருந்தார்கள். மேல் வீட்டு ஜெப அறையின் ஜன்னல், வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள குறுகிய சந்துப் பக்கமாகத் திறக்கும். அதற்கு நேர் கீழே கேரலின் சமையலறை ஜன்னல்.

கிங்ஸ்லி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவன். குடித்துவிட்டு டூட்டிக்குப் போய் வேலையை இழந்தான். அந்த நாட்களில் ஒருமுறை கேட்டுக்கு வெளியே சாக்கடை ஓரம் விழுந்து கிடந்தான். பெர்னார்டும் ரெபேக்காவும்தான் அவனைத் தூக்கிவந்து உள்ளே படுக்கவைத்தார்கள். மறுநாள் ஜெபத்தில் ஐந்தாவது நன்றி சேர்ந்தது. "கீழ் வீட்டுக் கிங்ஸ்லியைப் போல எங்களைச் சாக்கடையில் விழவிடாமல், ஊர் சிரிக்கவிடாமல் காத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்."

அன்று அதை உருகித்தான் சொன்னார். அடுத்த நாளும் சொன்னார். பிறகு அது வரிசையில் உட்கார்ந்துகொண்டது.

சரியாக அந்த இடம் வரும்போது கீழே மிக்ஸி அலறும்.

"பாத்தியா ரெபேக்கா. நான் அஞ்சாவதுக்கு வர்ற நேரம். மத்த நேரத்துல அவளுக்குச் சட்னி ஞாபகம் வராது."

"அரைக்கிற வீட்ல அரைக்கத்தான் செய்வாங்க."

"இது சட்னி இல்ல. பிசாசு."

"பிசாசு இட்லிக்குச் சட்னி தொட்டுக்குமா?"

பெர்னார்ட் சிரிக்கவில்லை. மறுநாள் மிக்ஸிக்கு மேலாகக் குரலை உயர்த்தினார்.

மழை விட்டுக் குளிர் ஆரம்பித்த சமயம், அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காலையில் எழுந்தபோது காற்றுதான் வந்தது.

"நீ பண்ணு," என்று ரெபேக்காவிடம் சைகையும் கிசுகிசுப்புமாகச் சொன்னார். "ஒண்ணும் விடாம சொல்லு."

"உங்க ஜெபம் எனக்கு மனப்பாடம்," என்று அவள் முட்டி போட்டாள்.

அவள் குரல் மெல்லியது. மிக்ஸிக்கு முன்னால் நிற்காது. பெர்னார்ட் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். இன்று ஒரு நாளாவது நிறுத்தச் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் என்ற முறையில் அல்ல, விசுவாசி என்ற முறையில் சொல்லவேண்டும் என்று படியிலேயே தீர்மானித்துக்கொண்டார்.

கீழ் வீட்டுப் பின்கதவு திறந்திருந்தது. கேரல் சமையலறையில் நின்றிருந்தாள். ஒரு கை மிக்ஸியின் மேல் இருந்தது. அவரைப் பார்த்ததும் கையை எடுத்தாள்.

"என்ன அங்கிள், இந்நேரத்துல?"

"மேல ரெபேக்கா ஜெபம் பண்றா. இன்னைக்கு ஒரு நாள் இதப் போடாதம்மா. எனக்குத் தொண்டை கட்டிடுச்சு."

"ஆன்ட்டியா பண்றாங்க?"

அவர் தலையசைத்தார். அவள் பக்கத்து அறையின் கதவைப் பார்த்தாள். அது பாதி சாத்தியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

அப்போது ஜன்னல் வழியாக ரெபேக்காவின் குரல் இறங்கியது. பக்கத்தில் நின்று பேசுவதைப் போல இருந்தது.

"நல்ல தூக்கத்துக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே."

பெர்னார்ட் அண்ணாந்து பார்த்தார். சந்தும், சுவரும், மேலே தன் வீட்டு ஜன்னல் கம்பியும் தெரிந்தன.

"சரீர சுகத்துக்காக ஸ்தோத்திரம்."

அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பெர்னார்டின் பார்வை மிக்ஸிக்கு வந்தது. ஜார் துளி ஈரமில்லாமல் பளபளத்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பக்கத்தில் தேங்காயும் இல்லை, மிளகாயும் இல்லை. அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை.

"மகன் ஜோவுக்காக, அவனுக்கு நீர் தந்த வேலைக்காக ஸ்தோத்திரம்."

கேரல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் கேட்டுக்கொண்டபடி மிக்ஸியைத் தொடாமல் நின்றாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

"மருமகள் ஜேனுக்காக ஸ்தோத்திரம்."

அடுத்தது என்னவென்று அவருக்குத் தெரியும். அந்த வரிசையைப் போட்டவர் அவர்தான். கேரலுக்கும் தெரிந்திருந்தது. பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு பாதம் அசைந்தது.

"கீழ் வீட்டு..."

பெர்னார்ட் மிக்ஸியைத் திருகினார்.

காலி ஜார் அலறியது. உள்ளே பிளேடு வெறுங்காற்றை வெட்டிக்கொண்டு சுற்றியது. திருகிலிருந்து கையை எடுக்க அவருக்குப் பயமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கேரல்தான் அவர் கையை விலக்கி அதை அணைத்தாள்.

"சாகு, போதும் அங்கிள். ஆன்ட்டி அதத் தாண்டிட்டாங்க."

மேலே ரெபேக்கா அன்றைய ஆகாரத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தினமும் இப்படித்தானா?" என்றார். காற்றுதான் வந்தது.

"சும்னே, சும்மாதான் ஓட்டுவேன். முழு ஜெபத்துக்கும் ஓட்டினா மோட்டார் போயிடும். ஜெபத்துல மருமக பேரு வந்ததும் போடுவேன்." அவள் ஜாரைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள். "ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்து அப்பதான் படுக்கிறார். மிக்ஸி சத்தத்துல தூங்கிடுவார்."

"ராத்திரி பூரா எங்க?"

கேரல் அவரை வினோதமாகப் பார்த்தாள். "குவெம்பு நகர்ல ஒரு பெரியவருக்கு பக்கவாதம். அவரப் பாத்துக்கிறார். நைட் டூட்டி."

பெர்னார்ட் தினமும் விடியற்காலையில் கேட் திறக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அந்த நேரத்தில் வீடு திரும்புகிறவன் எங்கிருந்து வருவான் என்று யாரையும் கேட்டதில்லை. தெரியும் என்று இருந்துவிட்டார்.

"குடி?"

"விட்டு ஒரு வருஷம் ஆகப்போகுது."

"எங்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வீட்டுக்காரர் ஜெபத்துல போய் எப்படி அங்கிள் குத்தம் சொல்றது?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "அவன் எழுந்ததும் சொல்லு. நான் வந்து..."

"பேடா, வேண்டாம் அங்கிள்." அவள் குரல் தாழ்ந்தது. "அவருக்குத் தெரியாது. நீங்க மன்னிப்புக் கேக்க வந்தா எதுக்குன்னு கேப்பார். சொல்லவேண்டியிருக்கும். இத்தனை நாள் நான் எதுக்கு இத ஓட்டினேன்?"

மாடிப்படி ஏறும்போது ஒரு கால் செருப்பு கழன்றது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே ஏறினார்.

ரெபேக்கா எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "போடாதன்னு சொல்லப் போனவர் போட வச்சிட்டு வந்தீங்களா? எனக்கே நான் பேசுறது கேக்கல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கிங்ஸ்லி நைட் டூட்டி போறானாம்."

"நான்தான் சொன்னேனே. சர்ச்சில கேரல் சொன்னான்னு. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னீங்க."

அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. தான் சொன்னதும் வந்தது.

"தெரிஞ்சும் ஏன் நீ அதையே சொன்ன?"

"ஒண்ணும் விடாம சொல்லுன்னது யாரு?"

கீழே நடந்ததைச் சொன்னார். ரெபேக்கா பாயை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். சத்தம் வராமல் ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

அடுத்த இரண்டு காலைகளிலும் அந்த வீட்டில் வாய்விட்டு ஜெபம் இல்லை. பெர்னார்ட் பாயில் முட்டி போட்டு மௌனமாக இருந்தார். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டார். அது சுலபமாக இருந்தது, அதனால் நம்பிக்கை வரவில்லை. மன்னிக்கவேண்டியவன் கீழே தூங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் போகும் வழியைத் தானே அடைத்துவிட்டிருந்தார். தன் நன்றிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஜோவின் வேலைக்கு நன்றி சொன்னபோதெல்லாம் மனதில், வேலை கிடைக்காத தம்பி மகன் நின்றிருந்தான். உடம்புக்கு நன்றி சொன்னபோது, கூட வேலை பார்த்து இப்போது படுத்துக் கிடக்கும் நஞ்சுண்டசாமி. அவர்கள் பேரை வாய் திறந்து சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது நாள் சாயங்காலம் யாரோ படியேறி வந்தார்கள். கிங்ஸ்லி. டூட்டிக்குப் புறப்பட்ட உடையில், கையில் ஒரு மாத்திரை அட்டையோடு நின்றான்.

"அங்கிள், தொண்டை எப்படியிருக்கு? ரெண்டு நாளா ஜெபச் சத்தம் கேக்கலியே. கேரல் சொன்னா."

"பரவால்லப்பா."

"நீங்க பரவால்லன்னா பரவால்லயா? நான் பாக்கிறேன். இப்படி வெளிச்சத்துக்கு வாங்க."

அவரை ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்காரவைத்தான். போனில் டார்ச்சைப் போட்டான்.

"வாயத் திறங்க."

பெர்னார்ட் திறந்தார்.

"இன்னும் நல்லா. ஸ்கூல்ல பசங்கள மிரட்டின வாய்தானே, இவ்வளவுதான் திறக்குமா? ஆன்ட்டி, ஒரு ஸ்பூன் குடுங்க."

ரெபேக்கா ஸ்பூனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தூரமாகப் போய் நின்றாள். கிங்ஸ்லி ஸ்பூனின் பின்பக்கத்தால் நாக்கை அழுத்தினான். அவன் முகம் பக்கத்தில் வந்தது. சோப்பு வாசனை அடித்தது. வேறு வாசனை ஏதும் இல்லை. தான் அதை மோந்து பார்த்துவிட்டதை உணர்ந்து பெர்னார்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் சிவந்திருக்கு. சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கொப்பளிங்க, ராத்திரி இந்த மாத்திரை ஒண்ணு." ஸ்பூனை எடுக்காமலே பேசினான். "சீக்கிரம் சரி பண்ணிக்குங்க அங்கிள். உங்க ஜெபம் கேட்டுக்கிட்டே படுத்துப் பழகிடுச்சு. தூக்கம், உடம்பு, ஜோ, ஜேன். அதுவரைக்கும் நல்லாக் கேக்கும். அப்புறம் இவ மிக்ஸியப் போட்டுடுவா. எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கேக்கமாட்டா. அடுத்தது நாங்களாத்தான் இருப்போம்னு நெனச்சுக்குவேன். வீட்டுக்கு அடுத்தது கீழ் வீடுதானே? அந்த நெனப்பிலயே தூங்கிடுவேன்."

வாயில் ஸ்பூன் இருந்தது. அவன் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. ஸ்பூனை எடுத்து, அவனே சிங்க்கில் கழுவி வைத்தான். அவன் முகத்தில் கேலி இருக்கிறதா என்று பெர்னார்ட் தேடினார். இருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வர்றேன் அங்கிள். வர்றேன் ஆன்ட்டி."

அவன் இறங்கிப்போன பிறகு ரெபேக்கா உப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

காலையில் குரல் திரும்பியிருந்தது. பெர்னார்ட் கேட் திறக்கும் சத்தத்துக்காக விழித்திருந்தார். திறந்தது. கீழே குழாய் ஓடியது, நின்றது. கட்டில் முனகியது. அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

"திறக்கணுமா?" என்றாள் ரெபேக்கா.

"கேட்டுக்கிட்டு இருப்பான்."

முட்டி போட்டார். தூக்கத்துக்காகச் சொன்னார். உடம்புக்காகச் சொன்னார். ஜோவுக்காகச் சொன்னார். குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"மருமகள் ஜேனுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே."

நிறுத்தினார். கீழே மிக்ஸி அலறவேண்டிய இடம் இது. அலறவில்லை. கேரல் திருகின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தார். அவள் போடாதது நம்பிக்கையாலா, தன்னைச் சோதித்துப் பார்க்கவா என்று தெரியவில்லை. சந்து முழுக்க அமைதியாக இருந்தது. டிப்போவில் ஒரு பஸ் உறுமி அடங்கியது.

"கீழ் வீட்டுக் கிங்ஸ்லி..." என்று ஆரம்பித்தார்.

அடுத்த சொல் நாக்கில் தயாராக நின்றது. தினமும் ஓடிய தடத்திலேயே ஓடப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினார். பக்கத்தில் ரெபேக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கிங்ஸ்லிக்காக," என்றார். "ஸ்தோத்திரம்."

மேலே என்ன சொல்வது என்று தேடினார். அவன் குடியை விட்டதைச் சொன்னால் குடித்ததைச் சொன்னதாகும். தன் வாயை அவன் டார்ச் அடித்துப் பார்த்ததைச் சொல்லலாமா என்று யோசித்தார். அதற்குள் கீழேயிருந்து தூக்கக் கலக்கமான ஒரு குரல் வந்தது.

"ஆமென்."

பெர்னார்டின் முகம் காது வரை சுட்டது. அடுத்தது அன்றைய ஆகாரம். அது வாயில் வரவில்லை. முட்டி போட்டபடியே இருந்தார். மிக்ஸி ஓடினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

ஓடவில்லை.