வலையில் கட்டிய டச்சுப் படை

பொங்கல் லீவில் எங்கள் ஊரான தோணிரேவில் நடந்ததைப் பற்றி நைனா குடும்ப வாட்ஸப் குழுவில் அனுப்பிய ஆறு ஆடியோவையும் கேட்டேன். அதில் நான் பொம்மைக்காக ஒப்பாரி வைத்தவள். தங்கை ஹேமாவதியைக் கட்டிக்கொடுத்த வீட்டாரையும் போன வாரம்தான் குழுவில் சேர்த்தார்கள். அவர்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்குள் என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கலைவாணி, மூத்தவள். பெங்களூரில் ஒரு குடோனில் பில் போடுகிற வேலை. பகலில் வேலை போய்விடுமோ என்று பயப்படுவேன். மாலையில் நைனா படகு கரைக்கு வந்ததா என்று பயப்படுவேன். ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மற்றவர்கள் யோகா வகுப்புக்குப் போவார்கள். நான் சண்டைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேர் ஒரு மொட்டை மாடி அறையில் கூடி, சரித்திரத்தில் ஏற்கெனவே முடிந்துபோன சண்டைகளை மேஜைமேல் மறுபடி நடத்துகிறார்கள். சுண்டுவிரல் உயர ஈய வீரர்கள், தாயக்கட்டை, அளவு நாடா, வாய்ச்சண்டை. மனசு அமைதியடைய இதைவிடச் சிறந்த இடம் கிடைக்குமா? எனக்குப் பழவேற்காடு பக்கம் என்று தெரிந்ததும் டச்சுப் படையை என் தலையில் கட்டினார்கள். நானூறு வருஷத்துக்கு முன் அங்கே கோட்டை கட்டியவர்கள் எனக்கு மாமன் மச்சான் முறையாம்.

சங்கத்தில் ஒரே ஒரு சட்டம். பெயின்ட் அடிக்காத வீரன் மேஜை ஏறக்கூடாது. நான் வாங்கியதோ நாற்பது வெற்று ஈய ஆட்கள். அதனால் வருஷம் முழுக்க இரவல் படையை வைத்து விளையாடி ஏழு சண்டையில் தோற்றேன். வாரநாட்களில் என் சொந்தப் படைக்குப் பெயின்ட் அடித்தேன். தொப்பி, பெல்ட், பொத்தான் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தன. கண் வரையும்போது மட்டும் கை நடுங்கும். ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடித்தபோது நாற்பது பேருக்கும் மாறுகண். எதிரியைப் பார்க்கச் சொன்னால் பக்கத்து வீட்டை நோட்டம் விடுகிற படை. இருந்தாலும் என் படை. பொங்கல் முடிந்த ஞாயிறன்று பழவேற்காட்டுக் கோட்டைச் சண்டை. முதல் தடவையாக நான் தளபதி.

வீரர்களின் காலடியில் அசல் பழவேற்காடு ஏரி மணலை ஒட்டினால் அசத்தலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் ஒரு வருஷத்தின் ஒரே புத்திசாலித்தனமான யோசனை. பொங்கலுக்குப் படையோடு ஊருக்கு வந்து, வார்னிஷ் அடித்து, முறத்தில் பரப்பி, வாசல் வெயிலில் காயவைத்துவிட்டுப் பசை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது முறத்தில் அம்மா மிளகாய் காயவைத்திருந்தாள்.

நைனா வாசலில் வலையை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"நைனா, என் ஆளுங்க எங்க?"

"எந்த ஆளு?"

"முறத்துல வெச்சிருந்தேனே, நாப்பது பேரு!"

"அந்த ஈய பொம்மையா? சூப்பர் வெயிட்டும்மா. வலைல கட்டிட்டேன்."

"இன்னாது?"

"குண்டு பாதி அறுந்து பூட்ச்சி. குண்டு விக்கிற கடக்காரன் பொங்கலுக்குக் கடைய சாத்திக்கினு பூட்டான். கழுத்துல கட்னா நழுவுது, அதான் இடுப்புல கட்டிக்கீறேன். கத்தி வெச்சினுகீறான் பாரு, அவன்தான் கில்லி மாதிரி நிக்கிறான்."

வலையின் அடிக்கயிற்றில், வலையை ஏரித் தரையோடு அழுத்தி வைக்கிற ஈயக்குண்டுகளுக்கு நடுவில், என் ஒரு வருஷம் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அழுதேன்தான். ஆடியோவில் சொன்ன அளவுக்கு இல்லை.

"இருபத்தஞ்சு வயசுல பொம்மைக்கு அய்வுறா பாரு," என்றாள் அம்மா ஜமுனா. "ஹேமா மாமியாரு கேட்டா இன்னான்னு சொல்றது?"

"ஞாயித்துக்கெழம சண்ட இருக்குதும்மா எனக்கு!"

"யார்கூடடி?"

"போர்ச்சுக்கீசியர்கூட."

அம்மா மிளகாயைக் கிளறப் போய்விட்டாள்.

நைனா திட்டவில்லை. கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். "உன்னுதுதானே, கழட்டிக்கோ. நாளைக்கு நம்ம பாடு. வெயிட்டு இல்லன்னா அடிக்கயிறு மேல தூக்கும், எறா எல்லாம் கீழ பூந்து டாட்டா காட்டிட்டுப் போவும். பரவால்ல, பதினாலு நாள் கழிச்சி மறுபடியும் நம்ம பாடு வரும்ல."

வெளியூர் சம்பந்திகளுக்காக: ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. நம் நாளைத் தவறவிட்டால் கரையில் உட்கார்ந்து மற்றவர் வலையைப் பார்க்கலாம், இலவசம்தான். சங்கத்திலும் அவரவர் முறை வரும்வரை தாயக்கட்டையைத் தொடக்கூடாது. அங்கே முறை தவறினால் அதிகபட்சம் ஒரு ஈய ஆள் சாவான்.

இறகுத் தொப்பி வைத்த தளபதியை மட்டும் அறுத்தேன். அந்த இடத்தில் கயிறு லேசாக மேலே எழும்பியது. நைனா வானத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஆறு ஆடியோ தேவலை. உள்ளே போய் அலமாரிப் பூட்டை எடுத்து வந்து, தளபதி இருந்த இடத்தில் நானே கட்டினேன். மற்ற முப்பத்தொன்பது பேரின் முடிச்சையும் இறுக்கினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் படகு திரும்பியது. இரண்டு கூடை இறால். நானூறு வருஷத்துக்குப் பிறகு டச்சுப் படை இந்தத் தண்ணீரில் எதையோ பிடித்திருக்கிறது. திரும்பி வந்தவர்கள் முப்பது பேர், ஒரு பூட்டு. ஒன்பது பேர் ஏரியிலேயே தங்கிவிட்டார்கள்.

"கழட்டி எட்த்துனு போ," என்றார் நைனா. "கடக்காரன் நாளைக்குத் தொறந்துடுவான். ஆனா பெயின்டு வேல சுமாருதாம்மா."

மூக்கு, பொத்தான் எல்லாம் தேய்ந்து சேறு அப்பியிருந்தது. கண்கள் சுத்தமாக அழிந்துவிட்டன. முதல் தடவையாக எல்லோரும் நேராகப் பார்ப்பது போல இருந்தது.

ஞாயிறன்று தளபதியோடு சேர்த்து முப்பத்தொரு பேரை மேஜைமேல் வைத்தேன். பெயின்ட் இல்லையென்று இறக்கிவிடுவார்களோ என்று, பெயின்ட் அழியாத தளபதியை முன்னால் நிறுத்தினேன். செயலாளர் குனிந்து பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"சண்டையில அடிபட்ட மாதிரி அப்படியே இருக்கே! எந்த கம்பெனி பெயின்ட்?"

"ஊர்லேர்ந்து வந்தது," என்றேன்.

படை மேஜையில் நின்றது. ஒன்பது ஆள் குறைவால் வடக்குச் சுவர் காலி, கோட்டை போனது. எட்டாவது தோல்வி. ஆனால் இது என் சொந்தத் தோல்வி. இரவல் கொடுத்தவர் யாரும் முறைக்கவில்லை.

நேற்று நைனா போன் செய்தார். புதுக் குண்டு சரியாக நிற்கவில்லையாம்.

"வாணி, குதிர மேல குந்தினுகீற ஆளு கெடைக்குமா? வெயிட்டு ஜாஸ்தியா இருக்கும்ல."

பன்னிரண்டு குதிரை வீரர்களுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். ஆறு நைனாவுக்கு, ஆறு எனக்கு. இந்தத் தடவை யாருக்கும் கண் வரையப்போவதில்லை.