அவுட் ஆகாதவரின் சராசரி

எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. பிடிக்காமலே இருபது வருடமாக எங்கள் ஊர் வாரக்கின் கிளப்புக்கு ஸ்கோர் எழுதுகிறேன். ஆள் இல்லை என்று ஒரு சனிக்கிழமை உட்கார வைத்தார்கள். அப்புறம் யாரும் எழுப்பவில்லை. கோதுமைக் காட்டுப் புழுதி, நாற்பது டிகிரி வெயில். போதுமடா சாமி என்று சீசன் முடியும் ஒவ்வொரு மார்ச்சிலும் சொல்வேன்.

இந்த சீசனில் கடைசி ஆட்டம் வரை நாங்கள் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஆனால் என் புருஷன் டெஸ் ஒருமுறைகூட அவுட் ஆகவில்லை. பெரிய சூரத்தனமெல்லாம் ஒன்றுமில்லை. அவர் கடைசி ஆள். எதிர்முனையில் நிற்பவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது, இவர் மட்டையோடு திரும்பி வந்துவிடுவார். அப்படியே சேர்ந்தது முப்பத்தெட்டு ரன்.

கடைசி ஆட்டத்தன்று காரில் போகும்போது ஆரம்பித்தார்.

"நோலீன், சராசரியில நான்தானே முதல்? பலகையில என் பேர் வரும்ல?"

கிளப் சுவரில் ஒரு பலகை உண்டு. வருடா வருடம் அதிக சராசரி எடுத்தவரின் பெயரை அதில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். முப்பது வருடமாக அதன் கீழே உட்கார்ந்துதான் டெஸ் பீர் குடிக்கிறார். அவர் பெயர் அதில் இல்லை. முட்டி போய்விட்டது, இதோடு நிறுத்து என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார்.

"உனக்கு சராசரியே கிடையாது," என்றேன்.

"ஏன்? முப்பத்தெட்டு எடுத்திருக்கேனே!"

"அவுட்டான தடவையால வகுக்கணும். நீதான் அவுட்டே ஆகலையே. பூஜ்யத்தால எப்படி வகுக்கிறது?"

"அப்ப இன்ஃபினிட்டின்னு போடு. அதைவிடப் பெரிசு எது?"

"மருந்துக் கடைக்காரன் ஒரே ஒரு ஆட்டம் வந்து ரெண்டு ரன் எடுத்தானே, அவனும்தான் அவுட் ஆகலை. அவனுக்கும் அதையேதான் போடணும். உன் முப்பத்தெட்டும் அவன் ரெண்டும் ஒண்ணா?"

"சரி, பூஜ்யம்னாவது போடேன்."

"அய்யோ, டெஸ்! சராசரியை அவுட்டான கணக்கால பெருக்கினா ரன் திரும்ப வரணும். பூஜ்யத்தால எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தான். எந்த எண்ணைப் போட்டாலும் உன் முப்பத்தெட்டு வராது. அங்க போடறதுக்கு எண்ணே இல்ல. ஒரே ஒரு தடவை அவுட் ஆகித் தொலை, கணக்கு வரும்."

"ஜாரட் எவ்வளவு வச்சிருக்கான்?"

"நாற்பது."

"அப்ப இன்னும் மூணு எடுத்துட்டு அவுட் ஆகணும்," என்றார். முகம் அப்படி மலர்ந்தது.

ஜாரட் எங்கள் முதல் ஆட்டக்காரன், நல்ல பிள்ளை. அன்றும் சரியாக நாற்பது எடுத்து அவுட்டானான். அவன் சராசரி இம்மியும் அசையவில்லை. மற்றவர்கள் வழக்கம்போல் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். ஜெயிக்க ஆறு ரன் இருக்கும்போது டெஸ் நொண்டிக்கொண்டு இறங்கினார். இரண்டாவது பந்திலேயே கண்ணை மூடிக்கொண்டு ஒரு நான்கு அடித்தார்.

நாற்பத்திரண்டு. இன்னும் இரண்டு ரன் எடுத்தால் ஜெயிப்போம்.

ஜாரட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இப்ப அவர் அவுட்டானா பலகை அவருக்குத்தானே?"

"ஆமா."

"ஆனா நாம தோத்துடுவோம்."

"ஆமாடா."

நான் வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டேன். அவுட் ஆகு மனுஷா, ஆட்டமா முக்கியம்? எப்படியும் தோற்றுப் பழகின கூட்டம்தானே.

பந்து நேராக ஸ்டம்புக்கு வந்தது. மட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் போதும், ஒரு பயல் கண்டுபிடித்திருக்க மாட்டான். டெஸ் அதை இழுத்து அடித்துவிட்டு ஓடினார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு இரண்டாவது ரன்னுக்கும் ஓடி, கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தார். மொத்தக் கூட்டமும் மைதானத்துக்குள் பாய்ந்தது. நான் அவர் பெயருக்கு நேரே நாற்பத்து நான்கு என்று எழுதி, சராசரிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

சாயங்காலம் ஜாரட்டின் பெயரை அறிவித்தபோது அதிகம் கைதட்டியது டெஸ்தான். அப்புறம் நாற்காலி அடுக்குகிறேன் என்று பின்பக்கம் போனவரைக் காணோம். போய்ப் பார்த்தால் ஒன்றைக்கூட அடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"விட்டிருக்கலாம்ல, டெஸ்?"

"விடணும்னுதான் நின்னேன், நோலீன். பந்து வந்ததும் கை தானா போயிடுச்சு."

கிரிக்கெட்டே பிடிக்காத நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கடைசியில் அவர்தான் என் முதுகைத் தட்டிச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.