ஓட்டியவர் என்ற கட்டம்

"வண்டிய ஓட்டுனது யாரும்மா?" என்று கேட்டார் கவுண்ட்டரில் இருந்த பெண் காவலர்.

"என் வீட்டுக்காரர்."

காவலர் கையிலிருந்த தாளையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப இதுல உங்க பேர் போட்டிருக்கே?"

கண்ணாடித் தடுப்பின் அடியில் இருந்த இடுக்கு வழியாகத் தாள் இந்தப் பக்கம் வந்தது. 'ஓட்டியவர்' என்ற கட்டத்தில் அவள் பெயர், அப்பா பெயர், வயது. 'உடன் பயணித்தவர்' என்ற இடத்தில் அவள் கணவன். வேறு யாருடைய விபத்து அறிக்கையையோ எடுத்துக் கொடுத்துவிட்டார்களோ என்று வண்டி எண்ணைப் பார்த்தாள். அவர்கள் வெள்ளைக் காரேதான்.

இந்த அறிக்கைக்காக மூன்றாவது முறையாக அலைகிறாள். முதல்நாள் விபத்து எண் இல்லாமல் வரக்கூடாது என்றார்கள். எண்ணோடு போனபோது, அது போக்குவரத்துப் பிரிவில் இருக்கிறது, ஊரின் அந்தக் கோடிக்குப் போங்கள் என்றார்கள். இன்று மூக்குக்கண்ணாடிக் கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அங்கே கண் பரிசோதிப்பது அவள் வேலை. வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பாள். சிலர் திருதிருவென்று விழிப்பார்கள். தன் கண்ணுக்குத் தெரிவது தனக்கே தெரியாமல் எப்படிப் போகும் என்று மனதுக்குள் அலுத்துக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நினைவில் ஒரு பெரிய ஓட்டை. அவள் தம்பி வீட்டு வாசலில் கணவன் நெற்றியைத் தேய்த்தபடி, "தலைய பிளக்குது, நீ ஓட்டுறியா?" என்று சாவியை நீட்டியது வரை இருக்கிறது. அதை வாங்கினாளா, 'எனக்கும் தூக்கமா வருது' என்றாளா? அடுத்தது மருத்துவமனை விளக்குதான். தலையில் பட்ட அடி, ஞாபகம் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடந்ததைக் கணவன்தான் சொன்னான். சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை இடித்து, கார் திரும்பி, சுவரில் மோதியது. ஓட்டியது அவன். அவன் சொன்னால் அவளுக்கு அது போதும்.

ஆனால் அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளுக்கு அவன் வேன் மாமா. அறிக்கையைப் பார்த்த பிறகுதான் திரும்ப வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று சொல்வோம் என்றிருந்தது பள்ளி.

உள்ளறையில் விசாரணை அதிகாரி கோப்பைப் பிரித்தார். "இது உங்க கையெழுத்துதான?"

கடைசி எழுத்தின் வாலை மேலே இழுத்துவிட்டிருந்தது. அவளுடையதுதான். அதற்கு மேலே: 'நான்தான் ஓட்டினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.'

"அவர் கார்ல தூங்கவே மாட்டார் சார். வேற யாராவது ஓட்டுனா பக்கத்துல உக்காந்துக்கிட்டு இவர் கால் பிரேக்க மிதிச்சுக்கிட்டே இருக்கும்."

அதிகாரி இன்னொரு தாளைத் திருப்பினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கொடுத்த வாக்குமூலம். 'நான்தான் ஓட்டினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.'

"இருபது வருஷ சர்வீஸ்ல 'நான் இல்ல, நான் இல்ல'ன்னு அடிச்சுக்கிறவங்களத்தான் பாத்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் நான்தான் நான்தான்னு போட்டி போடுறீங்க. இடி சத்தம் கேட்டு பக்கத்து பேக்கரிக்காரர் ஓடி வந்தப்ப ரெண்டு பேருமே வண்டிய விட்டு இறங்கிட்டீங்க. சம்பவ இடத்துல கையெழுத்து போட்டது நீங்க. அதனால உங்க பேர எழுதினேன்."

"அப்ப எனக்கு நெனவு இருந்துதா சார்?"

"நல்லா பேசுனீங்களேம்மா." அவர் ஒரு படிவத்தை நீட்டினார். "மாத்தணும்னா மனு குடுங்க. எது உண்மைன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அறிக்கையையும் மனுப் படிவத்தையும் மடியில் வைத்துக்கொண்டாள். வேன் வேலை போய்விடுமே என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்டுப் பொய் சொன்னாளா? அல்லது உண்மையைத்தான் சொன்னாளா? போன வாரம் பெரியவரைப் பார்க்கப் போயிருந்தாள். ஓய்வுபெற்ற தபால்காரர், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். கார் கண்ணாடியில் வெயில் அடித்தது, ஆளையா பார்த்தேன் என்றார். அவர் காலைத் தொட்டு, "என் வீட்டுக்காரர மன்னிச்சிடுங்கய்யா" என்று அழுதுவிட்டு வந்தாள். யாருக்காக அழுதோம் என்று நினைத்ததும் காது மடல் சுட்டது.

வீட்டில் அவன் கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"கெடைச்சுதா?"

தாளைக் கொடுத்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தான். "நீ ஏன் இப்படி சொன்ன?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க ஏன் அப்படி சொன்னீங்க?"

"நெத்தியெல்லாம் ரத்தத்தோட நடுரோட்டுல நின்ன இடத்துலயே சுத்திக்கிட்டு இருந்த. போலீஸ்காரங்க கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. எனக்குத் தாங்கல."

"அது நான் கேட்டதுக்கு பதில் இல்ல." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "உண்மையிலயே யாருங்க ஓட்டுனது?"

அவன் கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைக் கிள்ளினான். "சொன்னா நம்புவியா?" என்றான்.

நான்தான் என்று அவன் சொன்னால், அவளைக் காப்பாற்றுகிறான் என்று தோன்றும். நீதான் என்றால், பிள்ளைகளின் வேனுக்காகச் சொல்கிறானோ என்று தோன்றும். மூன்றாவதாக ஒரு பதில் இருந்தால் தேவலை. எங்கே போய்த் தேடுவது? மனுப் படிவத்தில் 'சரியான விவரம்' என்ற இடத்துக்கு எதிரே ஐந்து கோடுகள் வெறுமையாக இருந்தன.

சாப்பாட்டு மேசையிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்து வந்து கூடத்தின் நடுவில், கதவைப் பார்த்தபடி, காரின் முன்சீட்டுகள் போலப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டாள்.

"வாங்க. அன்னிக்கு உக்காந்த பக்கத்துல உக்காந்து, தம்பி வீட்டு வாசல்லேர்ந்து சொல்லுங்க."

"என்னம்மா இது, விளையாட்டு மாதிரி..."

"வாங்க."

அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தான். மெதுவாக நடந்து வந்து நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றான். ஒரு கை ஒன்றின் முதுகைப் பிடித்தது. பிறகு அதை விட்டுவிட்டு மற்றதன் முதுகைப் பிடித்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.