வைரஸ் விட்டுவைத்த மூன்று மீன்கள்

1

மறைப்பானேன், இந்தக் கதை எனக்குத் திருமானூர் பஸ்ஸில் ஓசியில் கிடைத்தது. முன்சீட்டு ஆள் போனில் கத்தினார்: “மீனைச் சோதிக்க வந்த பாப்பாவுக்கு அந்த மீனையே வறுத்துப் போட்டுட்டாங்கய்யா!” அப்புறம் இறங்கிப் போய்விட்டார். மிச்சமெல்லாம் என் சரக்கு.

2

‘கொள்ளிடத்துக் காற்று குளத்தைத் தாலாட்டியபடி…’

சீ! குளத்தில் மீன் செத்து நாறுகிறது, தாலாட்டாம்.

வைரக்கண்ணு ஜிலேபிக் கெண்டை வளர்ப்பவர். குளத்தில் வைரஸ் புகுந்து, வளர்த்ததெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தது. மூன்று மட்டும் ஜம்மென்று நீந்தின. (முதலில் எல்லாவற்றையுமே கொன்றிருந்தேன். மனுஷர் அழுத அழுகையில் மூன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.)

3

சேதி கேட்ட ஆராய்ச்சி மாணவி வெற்றிச்செல்வி போனிலேயே குதித்தாள். “அய்யா, நோயை எதிர்க்கிற மரபணு* மீனுக்கு மீன் கொஞ்சம் மாறும். இந்த மூணுக்கும் நல்ல வகையா அமைஞ்சிருக்கலாம். அப்படின்னா இதுங்க குஞ்சை வச்சே குளத்தை நிரப்பிடலாம். நாளைக்கு வரேன், பத்திரமா வைங்க.”

வைரக்கண்ணு மூன்றையும் தொட்டியில் விட்டார். மனைவி கொளஞ்சியம்மாளிடம், “காலேஜ் பாப்பா வருது, இது அதுக்கு” என்று மட்டும் சொன்னார். விருந்தாளிக்கென்று வைத்த மீனை அந்த அம்மாள் வேறென்ன செய்வார்?

*மரபணு பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். படித்த என் தங்கை கொட்டாவி விட்டாள். கிழித்துவிட்டேன்.

4

“வறுவல் அருமைங்கம்மா” என்றாள் வெற்றிச்செல்வி, விரலைச் சப்பிக்கொண்டே. “சரி, அந்த மூணு மீனும் எங்க?”

“இலையில என்னன்னு நெனச்ச? ரெண்டு ஆச்சு. இரு, இன்னொண்ணையும் அறுத்துப் போடுறேன்” என்று கொளஞ்சியம்மாள் உள்ளே போனார்.

வைரக்கண்ணு துள்ளி எழுந்தார். “அடிப்பாவி, என் குளமே அதுலதான்டி இருக்கு!” என்று பின்னாலேயே ஓடினார்.

அரிவாள்மணை முன்னால் கொளஞ்சியம்மாள் மீனைப் பிடித்தபடி உறைந்திருந்தார். “ஏங்க, இது வாய்க்குள்ள குஞ்சு வச்சிருக்குங்க. இதை நான் எப்படிங்க அறுப்பேன்?” கண் கலங்கிவிட்டது அவருக்கு. மீன் தொட்டிக்கே திரும்பியது.

5

முதல் முடிவு: குஞ்சுகள் வளர்ந்து குளம் நிறைந்தது. (யார் நம்புவார்?)

இரண்டாம் முடிவு: குளத்தில் விட்ட மறுநாளே குஞ்சுகள்… வேண்டாம், மனசு வரவில்லை.

“குஞ்சுக்கு மரபணு பாதி ஆத்தாகிட்டேருந்து வரும், பாதி அப்பன்கிட்டேருந்து. அப்பனையும் சோதிச்சாதான் குஞ்சு நோயைத் தாங்குமான்னு…” என்று வெற்றிச்செல்வி இழுத்தாள். மூன்று பேரும் இலையைப் பார்த்தார்கள். முள்தான் இருந்தது.

“குளத்துல விடலாமா வேணாமா, சொல்லுய்யா” என்று வைரக்கண்ணு என்னைப் பிடித்து உலுக்குகிறார். எனக்கு மீனைத் தின்னத்தான் தெரியும். நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வாயில் குஞ்சு இருக்கும்வரை அந்தத் தாய் இரை எடுக்காது.