இரட்டைப்படை வாரத்துப் பெட்டிகள்

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் டெஸ் தன் அப்பா லைலிடம் வருவாள். நீதிமன்றம் போட்ட கணக்கு அது. ஆனால் குழந்தைகள் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கும் பொம்மையை அவர்கள் போகும் துரித உணவுக் கடை வாராவாரம் மாற்றியது. இந்தத் தடவை ஆறு வாரத்துக்கு, எஞ்சினையும் சேர்த்து, ஆறு ரயில்பெட்டிகள்.

அதனால் ஆறாவது சனிக்கிழமையும் லைல் தனியாகவே போய் நின்றான்.

"இன்னிக்கும் குழந்தை இல்லாம குழந்தை சாப்பாடா?" கல்லாவில் இருந்த யோலண்டா கேட்டாள். "உருளை வறுவலா, ஆப்பிளா?"

"ஆப்பிள். கூடப் பாலு."

"நாற்பது வயசுல நல்லாத்தான் வளர்ற, கண்ணு."

மூலை மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தின்றான். நறுக்கி நாளாகியும் அவை கறுக்காததற்குக் காரணம், மேலே பூசியிருக்கும் புளிப்பான ஒரு சத்து. காற்று பழத்தைத் தொடுமுன் அதைத்தான் தொடும். இதை டெஸ்ஸிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

லைல் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அந்த ரயில் அவனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எஞ்சினில் ஒரு சுருள்வில். அதை முறுக்கிவிட்டால் அதன் சுழற்சி பெட்டிகளுக்குள் ஓடும் அச்சு வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய், கடைசிப் பெட்டியில் மணி அடிக்கும். ஒற்றைப்படைப் பெட்டிகளில் சதுர முளை, இரட்டைப்படையில் சதுரக் குழி. நடுவில் ஒன்று இல்லாவிட்டாலும் மணி வரை எதுவும் போய்ச் சேராது.

மகளோடு வாங்கிய மூன்றும் அவன் வீட்டில் இருந்தன. தனியாக வாங்கிய மூன்றையும் அன்று அவற்றோடு பூட்டி, சாப்பாட்டு மேசைமேல் நீளமாக நிறுத்தினான். மணி அடித்தது. அடுத்த வாரம் அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தபடி படுத்தான்.

அடுத்த சனிக்கிழமை வண்டியில் ஏறியதுமே டெஸ் பையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

"டாடி, இதுல என்ன இருக்கு சொல்லு. மணி அடிக்கும்!"

"பூனையா?"

"லூசு! ரெண்டு, நாலு, ஆறு! கிரெக்கை நச்சரிச்சு அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அதுக்காக வீட்ல கேரட் எல்லாத்தையும் தின்னேன் டாடி, கேரட்டை! நம்ம ரயிலை நான்தான் முடிக்கப் போறேன்."

கிரெக், அவள் அம்மாவின் புதுக் கணவன்.

லைலுக்கு மேசை ஞாபகம் வந்தது. வாசலில் அவளை நிறுத்தினான்.

"அம்பது எண்ணிட்டு உள்ள வா. வீடு குப்பையா கெடக்கு."

"உன் வீடு எப்பத்தான் குப்பையா இல்ல? ஒண்ணு, ரெண்டு..."

கொக்கியைத் தூக்கிக் கால்வட்டம் திருப்பினால்தான் பெட்டி கழலும். அவசரத்தில் விரல் வழுக்கியது. அவள் நாற்பத்தாறு எண்ணும்போது, அவன் தனியாக வாங்கியதில் கடைசியும் கழன்றது. மூன்றையும் ஃப்ரிட்ஜின் உறைபெட்டிக்குள் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் திணித்தான்.

அவள் உள்ளே வந்து ஒவ்வொன்றாகப் பூட்டினாள். முளை, குழி, அச்சு என்று அவனுக்குப் பாடம் நடத்தினாள். அவன் ஒன்றும் தெரியாதவனாகக் கேள்வி கேட்டான். மணி அடித்ததும் இருவரும் கத்தினார்கள்.

ஞாயிறு மாலை அவள் அந்த மூன்றையும் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"இங்கேயே இருக்கட்டுமே, குட்டி."

"மம்மி வீட்டுச் சாமான் மம்மி வீட்டுக்கு. நீங்க ரெண்டு பேரும் போட்ட ரூல்தானே? அடுத்த தடவை கொண்டு வர்றேன். இடம் விட்டு வை."

அவளைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பியவன், உறைபெட்டியைத் திறந்து தன்னுடைய மூன்றையும் எடுத்தான். கையில் சில்லிட்டன. பிறகு அவற்றைப் பட்டாணிக்குப் பின்னால் திரும்ப வைத்தான்.

மேசையில் எஞ்சினையும் மற்ற இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்தான். நடுவில் ஒவ்வொரு பெட்டி நீளத்துக்கு இடம் விட்டு, அளவு சரிதானா என்று குனிந்து பார்த்தான்.