அடி தெரியாத காளான்

தங்கள் வீட்டுக்கு அண்ணன் வருகிறார் என்று தெரிந்ததும் அவள் செய்த முதல் காரியம், கணவரின் வாய்க்குப் பூட்டுப் போட்டதுதான்.

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள், எங்க அண்ணன் என்ன செஞ்சாலும் நீங்க திருத்தக் கூடாது. தப்பாப் பேசினாலும் சரி, தப்பா நடந்தாலும் சரி. வாயே திறக்காதீங்க."

"நான் என்னிக்குத் திருத்தினேன்?" என்றார் அவர், பால் வடியும் முகத்தோடு.

என்றைக்கா? மனுஷனுக்குப் பிழைப்பே அதுதானே! டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பக்கத்து சீட்டில் தனக்கென்று தனி பிரேக் வைத்துக்கொண்டு, அடுத்தவர் தப்பைக் காலால் மிதித்தே சம்பளம் வாங்குகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'பிரேக் மாஸ்டர்'தான். சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணன் ஆசையாக அவரிடமே கார் பழக வந்தார். பின் சீட்டில் வேறு இரண்டு பேர் காத்திருக்க, "மச்சான், உங்களுக்கு இது சரிப்பட்டு வராது, இறங்குங்க" என்று மாஸ்டர் சொல்லித் தொலைத்தார். அண்ணன் இறங்கினார். நடுரோட்டில் இறங்கியவர் இறங்கியவர்தான், அதற்குப் பிறகு தங்கை வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை. போனில் கூட 'உன் வீட்டுக்காரர்' என்றுதான் பேச்சு. இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு திரிய, நடுவில் கிடந்து தவித்தது இவள்.

இப்போது எப்படியோ மனம் இரங்கி ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இந்த முறையும் கெட்டுப்போனால் அவ்வளவுதான், அண்ணன் உறவு போனில் மட்டும்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணன் வந்தார். மாஸ்டர் வாயைத் திறக்காமல் பல்லை மட்டும் காட்டினார். கூடத்தில் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொறுக்க முடியாமல் அவள்தான் வழி சொன்னாள். "மழை விட்டிருக்கே, பின்னாடி தோப்புக்குப் போய்க் காளான் பறிச்சிட்டு வாங்களேன். அண்ணனுக்கும் பொழுது போகும்."

காளான் விஷயத்தில் மாஸ்டரை அசைக்க முடியாது. அவர் பறிப்பது ஒரே ஒரு ரகம். அதையும் கத்தியால் மண்ணைக் கிளறி, அடியோடு எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். அதே மாதிரி வெள்ளையாக இன்னொன்று உண்டு. அதன் அடியில், மண்ணுக்குள்ளே, உடைந்த முட்டை ஓடு போல ஓர் உறை இருக்கும். அது விஷம். வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தெரிகிற நேரத்தில் ஈரலைப் பாதி தின்று முடித்திருக்கும். இதைத் தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர் அவர்.

திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகமும் மலர்ந்திருந்தது. கூடை நிறையக் காளான். அண்ணன் சட்டையெல்லாம் சேறு. "பாதிக்கு மேல நான் பறிச்சதும்மா!" என்று சின்னப் பையன் மாதிரி காட்டினார். பேசிக்கொண்டே இரண்டு பேரும் கழுவினார்கள், நறுக்கினார்கள், வெங்காயம் வதங்கிய வாணலியில் கொட்டினார்கள். 'மாப்ள' என்று அண்ணன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

குப்பையை அள்ளப் போனவள் அப்படியே நின்றாள். மண் ஒட்டிய அடித்தண்டுகள் ஒரு கைப்பிடிகூட இல்லை. அவ்வளவு காளானுக்கு இன்னும் நிறைய இருந்திருக்க வேண்டும்.

"அண்ணா, நீங்க எப்படிப் பறிச்சீங்க?"

"கத்தியால கழுத்தோட ஒரே வெட்டு. மண்ணு ஒட்டாம எவ்வளவு சுத்தமா வந்துச்சு பாரு!"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

"எல்லாம் ஒரே இடத்துல வளர்ந்ததுதான்..." என்று மென்று முழுங்கினார்.

தொழிற்சாலையில் அவளுக்குச் சட்டைகளைச் சோதிக்கிற வேலை. தையல் ஊசி உடைந்து முனை கிடைக்கவில்லை என்றால் ஒரு சட்டையை மட்டும் ஒதுக்க மாட்டார்கள், கட்டு மொத்தமும் நின்றுவிடும். அவள் அடுப்பை அணைத்தாள். வாணலியைத் தூக்கி அப்படியே குப்பைப் பையில் கவிழ்த்து, வாயை இறுக்கிக் கட்டினாள்.

"ஏய், என்ன பண்றே!" இரண்டு ஆண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"எது நல்லது, எது கெட்டதுன்னு இனிமே கடவுளுக்குத்தான் தெரியும்."

"புழு அரிச்ச காளான்கூட இருந்துச்சு. விஷமா இருந்தா புழு தின்னுமா?" என்றார் அண்ணன்.

"புழுவுக்கு ஒத்துக்கும், உங்களுக்கு ஒத்துக்காது."

அண்ணனின் முகம் சிவந்தது. "நான் தொட்டது விஷம்னு சொல்றே, அதானே? வாங்க மாப்ள, வெட்டின இடத்துலயே தோண்டிப் பார்த்துடலாம். அப்புறம் இவ முகத்தைப் பார்க்கிறேன்!"

"வாங்க மச்சான்," என்று மாஸ்டரும் விறைப்பாகக் கிளம்பினார். கதவை அறைந்து சாத்திய வேகத்தில் சுவர்க் காலண்டர் ஆடியது.

அவள் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் அண்ணன் அப்படியே பஸ் ஏறிவிடுவார். கிடைத்தாலும் அவமானத்தில் பஸ் ஏறிவிடுவார். என்ன ஜாதகமோ என்று தன்னையே நொந்துகொண்டு வாணலியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். திரும்பவும் தேய்த்தாள்.

அவர்கள் வந்தபோது சத்தமே இல்லை. மாஸ்டர் கையில் ஒரு காகிதப் பொட்டலம். மேஜைமேல் வைத்துப் பிரித்தார். அண்ணன் வெட்டிவிட்டு வந்த அடிக்கட்டைகள். எல்லாம் மொட்டையாக இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மட்டும் வெள்ளை உறைக்குள் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து, அதையே வெறித்துப் பார்த்தார். கடைசியில், "நான் தப்பா வெட்டறேன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா மாப்ள?" என்று கேட்டார்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா எழுந்து போயிடுவீங்களேன்னு பயம், மச்சான்."

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்," என்றாள் அவள். "உங்க ரோஷத்துக்குப் பயந்து மூணு பேரும் செத்திருப்போம், அண்ணா."

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எழுந்துவிடுவார் என்றே அவள் நினைத்தாள். அவர் எழவில்லை. நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பசிக்குது. முட்டை இருந்தா ஊத்திப் போடும்மா," என்று மேஜையின் மறுகோடியில் இருந்த ரொட்டித் தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

"மச்சான்," என்றார் மாஸ்டர்.

"என்ன?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். "கையைக் கழுவாம ரொட்டியைத் தொடாதீங்க. அதைத் தோண்டின கை."

நீட்டிய கை அப்படியே நின்றது.

அண்ணன் எழுந்து, குழாயடிக்குப் போய், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அங்கிருந்தே கேட்டார்: "சோப்பு எங்க மாப்ள?"